எட்டு மணித்தியால விருந்தினர்

“விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு” என்பது நம் பெரியோர் வாக்கு. மூன்று நாளைக்கு மேற் தங்கும் விருந்தினர் வீட்டாருக்குச் சுமையாவர் என்பது அதன் கருத்து. ஆனால், காலையில் வந்து மாலையிற் போய்விடும் விருந்தினரைப் பற்றி அப்பெரியோர் யாதும் சொல்லி வைக்கவில்லை. ஒரே காலைப்பொழுதில் ஈராயிரம், மூவாயிரம் பேர் ஒரு சிறிய ஊரின் வாயிலில் வந்திறங்கி, உலாவி, உண்டு, படம் பிடித்து, பொழுது சாயுமுன் விடைபெறுவராயின், அவ்வூரார் அவர்களை எம்முகத்தோடு வரவேற்பர்? வந்தவர்தாம் எவ்வாறு நடந்துகொள்ளல் வேண்டும்?

மத்தியதரைக் கடலின் துறைமுகப் பட்டினங்கள் இக்காலத்தில் நாள்தோறும் எதிர்நோக்கும் வினா இது. அவ்வினாவைப் பற்றிச் சிந்திப்பதற்கு எவரும் எதிர்பாராத ஓரிடம் எமக்கு வாய்த்தது. அஃது ஓர் இசைக் கப்பல். அதுவும் “ஹெவி மெற்றல்” எனப்படும் பேரோசை இசைக்கென்றே புறப்பட்ட கப்பல்!

ஆலையிற் பிறந்த இசை

இவ்விசையை அறியாத வாசகர் பொருட்டுச் சில சொற் கூறுவோம். இங்கிலாந்திலுள்ள பேர்மிங்ஹாம் நகரம் உலோகத் தொழிலுக்குப் பெயர்போனது. அந்நகரத்துத் தொழிலாளர் குடும்பங்களிற் பிறந்த நான்கு இளைஞர் “பிளக் சபத்” என்னும் குழுவை அமைத்து, 1970ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் தம் முதல் இசைத்தட்டை வெளியிட்டனர். ஹெவி மெற்றல் இசையின் தொடக்கம் அதுவே என்று பலரும் கொள்வர்.

அக்குழுவிற் கிற்றார் வாசித்தவர் ரொனி அயோமி. பதினேழு வயதில் அவர் உலோகத் தகட்டு ஆலையொன்றில் வேலை செய்துகொண்டிருந்தபோது, இயந்திரம் அவருடைய வலக்கையின் நடுவிரல்கள் இரண்டின் நுனிகளைத் துண்டித்துவிட்டது. அவரோ இடக்கைப் பழக்கமுடையவர். ஆதலால் நரம்புகளை அழுத்தும் கை அவருக்கு வலக்கையே. வேறொருவராயின் வாத்தியத்தை மூலையிற் சாத்தியிருப்பர். அவர் பிளாஸ்ரிக்கை உருக்கி விரல்களுக்குக் கவசம் செய்து மாட்டிக்கொண்டார். மெல்லிய நரம்புகளைப் பூட்டினார். பின்னாளிற் சுருதியையும் தாழ்த்தி வாசித்தார். தாழ்ந்து கனத்த அந்த ஓசை இவ்விசைக்கே அடையாளமாகிவிட்டது.

இவ்விசையின் அன்பர் கறுப்புச் சட்டை அணிவர். அச்சட்டைகளில் மண்டையோடும் எலும்புக்கூடும் எரிமலையும் வரைந்திருக்கும். பலர் நீண்ட கூந்தலும் தாடியும் வளர்த்திருப்பர். இவற்றைக் கண்டு, “இவர்கள் முரடர், கலகக்காரர்” என்று ஒதுங்குவோர் எந்நாட்டிலும் உளர்.

இவ்வன்பர்களைக் கடலுக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் பழையதன்று. 2011ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் மயாமித் துறையிலிருந்து கரிபியன் கடலுக்குப் புறப்பட்ட கப்பற் பயணம் இத்துறையின் முன்னோடியாகப் பெயர் பெற்றது. கப்பலின் அளவு ஏறத்தாழ எழுபதினாயிரம் தொன் என்பதனால், பயணத்துக்கும் அந்த எண்ணையே பெயராகச் சூட்டினர். 2013இல் ஜேர்மனியிலிருந்தும் இவ்வகைப் பயணம் தொடங்கிற்று. பின்னர் மத்தியதரைக் கடலிலும் இசைக் கப்பல்கள் உலாவலாயின.

எம் பெறாமகன் ஒருவர் ஜேர்மனியிற் பொறியியலாளராயிருக்கிறார். இளமை தொட்டு இவ்விசையில் ஈடுபாடுடையவர். “சித்தப்பா, பாட்டு உங்களுக்குப் பிடிக்காட்டிலும் பரவாயில்லை, ஊர்களைப் பாக்கலாம். சித்தியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ” என்று அவர் வற்புறுத்தியதன் பேரிலேயே நாம் பார்சலோனாவிற் கப்பலேறினோம்.

கரையுலா என்னும் கலை

கப்பல் துறைமுகத்தில் நிற்கும் பகற்பொழுதில் இறங்கி ஊர் பார்த்துவரும் வழக்கத்தைக் கரையுலா எனலாம். அதற்கென ஒழுங்குகள் உண்டு. காலை எட்டு மணியளவிற் கப்பல் துறை சேரும். இறங்குவோர் தம் அடையாள அட்டையைக் காட்டி இறங்க வேண்டும். மாலையிற் குறித்த நேரத்துக்குள் ஏறிவிடவும் வேண்டும். கப்பலார் ஒழுங்கு செய்த பஸ் வண்டியிற் சென்றவர் பிந்தினாற் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். தம்மிச்சையாய்ச் சென்றவர் பிந்தினால், அவர் தம் பெட்டி படுக்கை கடலிற் போவதைக் கரையில் நின்று பார்க்க வேண்டியதுதான்!

ஆகவே, ஈராயிரத்தறுநூறு ஆண்டுப் பழமையுள்ள ஓர் ஊருக்குக் கிடைப்பது எட்டு மணித்தியாலம். அதிலும் பஸ் வண்டிக்கும் வரிசைக்கும் உணவுக்கும் போக எஞ்சுவது நாலைந்து மணித்தியாலமே. எதனைப் பார்ப்பது என்பதிலும் எதனை விடுவது என்பதே பெரிய கேள்வி. எம் கப்பலில் இரவெல்லாம் மேல்தளத்தில் இசை முழங்கிற்று. காதுக்கு அடைப்பான் இட்டுக்கொண்டும் நெஞ்சுக்குழியில் முரசு அதிர்வதை உணர்ந்தோம். ஆயினும், விடிந்ததும் அதே கூட்டம் கண்ணைக் கசக்கிக்கொண்டு, கையிற் குறிப்புப் புத்தகத்தோடு இறங்குபடியில் வரிசையாய் நிற்பதைக் கண்டோம். அக்கூட்டத்தில் தந்தையும் மகளும் உண்டு. நரைத்த தம்பதியரும் உண்டு. தாதியரும் ஆசிரியரும் தச்சரும் உண்டு.

கப்பலேறுமுன் பார்சலோனாவில் ஒரு பகல் தங்கினோம். கடற்கரையில் 1888இல் நாட்டிய கொலம்பஸின் உயர்ந்த தூண். அதிலிருந்து உள்நோக்கிச் செல்லும் றம்பிளா என்னும் நிழற்சாலை. 1882இல் தொடங்கி, கௌடி என்னும் கட்டடக் கலைஞரின் வாழ்நாளை விழுங்கி, அவர் 1926இல் மறைந்த பின்னரும் தலைமுறை தலைமுறையாய் வளர்ந்துவந்த திருக்குடும்ப ஆலயம் - இவை உலகறிந்தவை. ஆனால், அங்கு வாழும் மக்களின் மனக்குறை அத்துணை அறியப்படவில்லை. வெளியூரார் பெருகப் பெருக வீட்டு வாடகை உயர்கிறது. அயலிலிருந்த பலசரக்குக் கடை நினைவுப்பொருட் கடையாகிறது. 2024ஆம் ஆண்டு ஜூலையில் ஊர்வலம் சென்ற சிலர், உணவகங்களில் அமர்ந்திருந்த சுற்றுலாப் பயணிகள் மீது விளையாட்டுத் துப்பாக்கியால் நீர் பீய்ச்சித் தம் சினத்தைக் காட்டினர். 2025 ஜூலையில் நகர சபையும் துறைமுக அதிகாரிகளும், உல்லாசக் கப்பல்களுக்குரிய ஏழு தரிப்பு நிலையங்களை 2030ஆம் ஆண்டளவில் ஐந்தாகக் குறைப்பதென உடன்பட்டனர். விருந்து மிகுந்தால் வாயிலைச் சற்று ஒடுக்குவது வீட்டார் உரிமையன்றோ?

கிண்ணம் கொடுத்த பட்டினம்

மறுநாட் காலை பிரான்சின் மார்செய்ல்ஸ் துறையை அடைந்தோம். இப்பெயர் நம் மூத்தோருக்குப் புதியதன்று. சூயெஸ் கால்வாய் வழியாகக் கொழும்புக்கும் ஐரோப்பாவுக்கும் பயணிகள் கப்பல்கள் ஓடிய காலத்தில், படிக்கப் போன நம்மவர் பலர் ஐரோப்பிய மண்ணை முதன்முதல் மிதித்த துறைகள் மார்செய்ல்ஸும் நேப்பிள்ஸுமே. அவர்கள் வாழ்வைத் தேடி இறங்கினர். நாம் வேடிக்கை தேடி இறங்குகிறோம்.

மார்செய்ல்ஸ் நகரம் பிரான்சின் மிகப் பழைய நகரம். கி.மு. 600 அளவிற் கிரேக்கக் கடலோடிகள் அதனை நிறுவினர். அதைப் பற்றி ஓர் அழகிய பழங்கதை உண்டு. அந்நிலத்து அரசன் தன் மகளுக்குத் திருமண விருந்து வைத்தான். விருந்திலுள்ள ஆடவருள் எவனுக்கு அவள் நீர்க் கிண்ணத்தைக் கொடுக்கிறாளோ அவனே மணமகன் என்பது வழக்கம். அன்றுதான் கரையேறிய கிரேக்கத் தலைவனும் விருந்துக்கு அழைக்கப்பட்டிருந்தான். கிப்ரிஸ் என்னும் அரசகுமாரி உள்ளூர் வீரரையெல்லாம் கடந்துபோய், அந்த அயலானிடம் கிண்ணத்தை நீட்டினாள். அவர்களுக்குச் சீதனமாய்க் கிடைத்த நிலத்தில் எழுந்ததே இந்நகரம் என்பர்.

கரையேறி வந்த அயலானுக்குக் கிண்ணம் கொடுத்துப் பிறந்த பட்டினம், இன்று கரையேறி வருவோரைக் குறித்துக் கவலை கொள்கிறது. துறையில் நிற்கும் பெருங்கப்பல்கள் தம் விளக்குகளுக்கும் இயந்திரங்களுக்குமாக எண்ணெயை எரித்துக்கொண்டே நிற்க, அப்புகை அயலிலுள்ள குடியிருப்புகளுக்குச் செல்கிறது. 2022ஆம் ஆண்டில் நகர பிதாவே இப்புகைக்கு எதிராகப் பொதுமக்களிடம் கையொப்பம் திரட்டினார். 2025 மே முதலாந் தேதி தொடக்கம் மத்தியதரைக் கடல் முழுவதிலும் கப்பல் எண்ணெயிலுள்ள கந்தகம் நூற்றுக்கு 0.1 பங்குக்கு மேற்படலாகாது என்னும் விதி நடைமுறைக்கு வந்துள்ளது. அதற்கு முன் 0.5 வரை அனுமதித்திருந்தனர். நாம் ஏறிவந்த கப்பலும் அப்புகையில் ஒரு பங்கு விடுத்ததே என்பதை மறைக்கலாகாது.

பழைய துறைமுகத்துக்கு மேலே குன்றின் உச்சியில், 1864இற் திருநிலைப்படுத்தப்பட்ட மாதா கோயில் நிற்கிறது. உள்ளூரார் அதனை “நல்ல தாய்” என்றே அழைக்கின்றனர். உள்ளே அண்ணாந்து பார்த்தால், கூரையிலிருந்து சிறுசிறு மரக்கப்பல்கள் நூலிற் தொங்குகின்றன. புயலிற் தப்பிய மாலுமிகளும் மீனவரும் நேர்த்திக்கடனாகச் செலுத்தியவை அவை. நம் நாட்டுக் கரையோரக் கோயில்களுக்கு வள்ளக்காரர் நேர்த்தி வைப்பதை அறிந்த எமக்கு, அக்காட்சி அயலாகத் தோன்றவில்லை. எமக்கு முன்னே எலும்புக்கூட்டுச் சட்டை அணிந்த நெடிய மனிதரொருவர் நின்றார். உள்ளே வருமுன்னரே தொப்பியைக் கழற்றியிருந்தார். மரக்கப்பல்களை நெடுநேரம் நோக்கியிருந்துவிட்டு, மெழுகுதிரி ஒன்றை ஏற்றினார். தம் தந்தை வடகடலில் மீன்பிடித்தவர் என்று மட்டும் பின்னர் எம்மிடம் கூறினார்.

கொம்பு காட்டும் கை

மூன்றாம் நாள் நேப்பிள்ஸ். வெசூவியஸ் எரிமலை இளநீல நிறத்தில் துறைக்கு மேலே அமைதியாய் அமர்ந்திருந்தது. 1944இற் கடைசியாகக் கனன்ற மலை அது.

பொம்பேய்க்குப் புறப்பட்ட பஸ் வண்டியில் வழிகாட்டியாக வந்த அம்மையார், எம் கூட்டத்தைப் பார்த்ததும் முறுவலித்து முதற்கண் ஓர் எச்சரிக்கை விடுத்தார். மெற்றல் அன்பருக்கு ஒரு கைக்குறி உண்டு. சுட்டுவிரலையும் சின்னவிரலையும் கொம்பு போல் நீட்டி, மற்ற விரல்களை மடக்கி, கையை உயர்த்துவர். பாட்டை மெச்சுவதற்கும் நண்பரை வாழ்த்துவதற்கும் அதுவே குறி. “கப்பலில் எவ்வளவும் காட்டுங்கள். ஆனால், இந்நாட்டில் ஒருவர் முகத்துக்கு நேரே அதனை உயர்த்தாதீர்கள். இல்லறத்தில் ஏமாற்றப்பட்டவன் என்று அவரை இகழ்ந்ததாகிவிடும். அதே கையைக் கீழ்நோக்கித் தாழ்த்தினால் கண்ணூறு கழியும்” என்றார். வண்டி முழுவதும் சிரிப்பொலி எழுந்தது. எம் பெறாமகன் தம் கையை மெல்லச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்!

பொம்பேய் நகரைப் பற்றி மாணவர் வரலாற்று நூல்களிற் படித்திருப்பர். கி.பி. 79இல் வெசூவியஸ் கக்கிய சாம்பலில் அது புதையுண்டது. இக்காலத்தில் அதனைக் காணும் கூட்டம் மிகுந்தமையால், 2024 நவம்பர் 15ஆந் தேதி தொடக்கம் நாளொன்றுக்கு 20,000 பேரே உள்ளே செல்லலாம் என வரையறுத்துள்ளனர். புதையுண்ட நகருக்கும் விருந்து மிகுந்துவிட்டது.

எம் கூட்டம் அங்கே நாடிச் சென்றது, நகரின் கீழ்க்கோடியிலுள்ள வட்டரங்கையே. கி.மு. 70 அளவிற் கட்டப்பட்ட அது, கல்லாலான உரோம வட்டரங்குகளுள் இன்று அறியப்பட்டவற்றில் மிகப் பழையது. ஏறத்தாழ 20,000 பேர் அமரக்கூடியது. கி.பி. 59இல் அங்கே நடந்த வாட்போர் விளையாட்டைப் பார்க்க அயலூராகிய நுக்கேரியாவிலிருந்தும் மக்கள் வந்தனர். இரு ஊராரும் முதலில் வசைமொழி வீசினர், பின் கல் வீசினர், முடிவில் வாளெடுத்தனர். பலர் மாண்டனர். உரோம மூதவை, பத்தாண்டு காலம் அங்கே இத்தகைய விளையாட்டு நடத்தலாகாதென்று தடை விதித்ததாக வரலாற்றாசிரியர் தசித்தஸ் எழுதியுள்ளார். அக்கலகத்தைத் தீட்டிய சுவரோவியமொன்று நேப்பிள்ஸ் தொல்பொருட் காட்சிச்சாலையில் இருக்கிறது.

பத்தொன்பது நூற்றாண்டுகளுக்குப் பின், 1971 ஒக்ரோபரில், “பிங்க் ஃபுளொயிட்” என்னும் ஆங்கில இசைக்குழு அதே அரங்கில் வாசித்தது. கேட்பார் எவருமின்றி, படப்பிடிப்புக்காக மட்டும் வாசித்த இசை அது. அக்குழுவின் கிற்றார் கலைஞர் டேவிட் கில்மர் 2016 ஜூலையில் அங்கே திரும்பி வந்து, மக்கள் முன்னிலையில் இரண்டு இரவுகள் வாசித்தார். மெற்றல் அன்பர் பலருக்கும் அவ்விடம் ஒரு யாத்திரைத் தலம் போன்றது. எம் கூட்டத்தார் படிக்கட்டுகளிற் பரந்து அமர்ந்தனர். ஒருவர் மட்டும் நடுவில் நின்று ஒரு முறை கை தட்டினார். அவ்வோசை கல்லிற் பட்டுத் திரும்பி அடங்கும்வரை எவரும் பேசவில்லை. இரவெல்லாம் பேரிரைச்சலில் திளைத்தவர்கள் அமைதியைக் கேட்கவும் அறிந்திருந்தனர். கல்லெறிந்த பழைய கூட்டத்தை நினைத்துக்கொண்டோம்.

பிற்பகலில் நேப்பிள்ஸ் நகரின் பழைய பகுதிக்கு வந்து, சான் கிரெகோரியோ ஆர்மேனோ என்னும் ஒடுங்கிய தெருவுட் புகுந்தோம். நத்தார்க் குடிலுக்கு வேண்டிய களிமண் உருவங்கள் செய்யும் கைவினைஞரின் தெரு அது. கடைதோறும் மிளகாய்ப் பழம் போன்ற செந்நிறக் கொம்புகள் கொத்துக் கொத்தாய்த் தொங்கின. நம்மூரிற் கண்ணூறு கழிக்கச் செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி நெருப்பிலிடுவது போல, அவ்வூரார் கண்ணூறு தீரக் கொம்பு அணிகின்றனர்.

மெற்றல் அன்பர் உயர்த்தும் கையும் இக்கொம்பும் ஓரினமே. அக்கைக்குறியை இசையுலகெங்கும் பரப்பியவர் ரொனி ஜேம்ஸ் டியோ. இத்தாலியிலிருந்து அமெரிக்காவிற் குடியேறியோர் வழியிற் பிறந்த அவர், 1979இற் பிளக் சபத் குழுவிற் பாடகராய்ச் சேர்ந்தார், 2010இற் காலமானார். அவருக்கு முன்னரும் அக்குறியைக் காட்டிய இசைக்குழுவினர் உண்டு. ஆயினும் அதனைப் பேர்பெறச் செய்தவர் அவரே. அது தம் பாட்டியார் தீக்கண் படாமற் காட்டிய கைக்குறி என்று அவர் பலமுறை கூறியிருக்கிறார். பேயின் குறி என்று பலர் அஞ்சும் அக்கை, பேரப்பிள்ளைக்குத் தீங்கு நேராதிருக்க ஒரு பாட்டி காட்டிய கையாம்! எலும்புக்கூட்டுச் சட்டைக்காரரைக் கண்டு ஒதுங்குவோர் இதனை அறிதல் நன்று.

கடைக்காரக் கிழவர் எமக்கு இன்னொரு வழக்கத்தையும் சொன்னார். கொம்பைத் தனக்கெனத் தானே வாங்கினாற் பயனில்லை; அன்புடையார் வாங்கித் தர வேண்டும். எனவே, நாம் எம் பெறாமகனுக்கு ஒன்று வாங்கினோம். அவர் தம் சித்திக்கு ஒன்று வாங்கினார். எம் பின்னே நின்ற கறுப்புச் சட்டைக்காரர்களும் ஒருவருக்கொருவர் வாங்கிக் கொடுக்கத் தொடங்கினர். கிழவருக்கு அன்று நல்ல வியாபாரம்.

திரும்பும் வழியில் டான்டே சதுக்கத்துக்கு அண்மையிற் சில தெருக்களைக் கடந்தோம். அங்கே கடைப் பலகைகளிற் சிங்கள எழுத்தைக் கண்டு வியப்புற்றோம். நேப்பிள்ஸ் நகரில் இலங்கையர் பெருந்தொகையாக வாழ்கின்றனர்; வீட்டுப் பணியாற்றியும் முதியோரைப் பேணியும் பிழைக்கின்றனர். ஒரு கடையில், நாம் இலங்கையர் என்று அறிந்ததும் கடைக்கார அம்மையார் முகம் மலர்ந்து, தேநீர் அருந்திப் போகலாம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வூரில் இருக்கிறாராம். எம் கைக்கடிகாரமோ கப்பலின் நேரத்தை நினைவூட்டிற்று. அந்நகரில் எட்டு மணித்தியாலம் தங்கிய நாம், அங்கேயே வாழ்வை நாட்டியவரின் ஒரு கோப்பைத் தேநீருக்கு இருந்துபோக இயலவில்லை. கரையுலாவின் குறை முழுவதையும் அந்த ஒரு நாற்காலி எமக்கு உணர்த்திற்று.

மண்டையோடு பதித்த தளம்

ஒரு நாட் கடலோட்டத்தின் பின், விடியற்போதில் மால்ற்றாத் தீவின் தலைநகராகிய வலெற்றாவின் பெருந்துறையுட் கப்பல் நுழைந்தது. தேன்நிறக் கல்லாலான கோட்டை மதில்கள் இருபுறமும் எழுந்து நிற்க, கதிரவன் ஒளி அவற்றிற் படிப்படியாய் இறங்கிய காட்சியைக் காண மேல்தளம் முழுவதும் கூடியிருந்தது. முந்திய இரவு பாடகர் நின்ற மேடை வெறுமையாய்க் கிடந்தது.

1565இல் துருக்கியர் முற்றுகையை எதிர்த்து நின்ற புனித யோவான் சபை வீரர், அடுத்த ஆண்டிலே இந்நகரை நிறுவினர். தம் தலைவர் லா வலெற்றின் பெயரையே அதற்கு இட்டனர். ஒரு சதுர கிலோமீற்றருக்கும் குறைந்த பரப்புடைய சிறு நகரம். காலையிற் பெருங்கப்பலொன்று வந்தால் தெருக்களில் உள்ளூராரிலும் வெளியூரார் மிகுந்துவிடுவர்.

அச்சபையாரின் பேராலயத்தின் தளத்தை எம் கூட்டத்தார் மறவார். ஏறத்தாழ 400 வீரரின் கல்லறைகளைப் பல நிறச் சலவைக் கற்களால் மூடி, அதன்மேல் நாம் நடக்கிறோம். அக்கற்களில் எலும்புக்கூடுகள் அரிவாள் ஏந்துகின்றன, மண்டையோடுகள் நோக்குகின்றன, மணற்கடிகாரங்கள் காலம் காட்டுகின்றன. பெருமையும் செல்வமும் கழியும் என்பதை மறவாதிருக்க அக்காலப் பிரபுக்கள் கண்ட வழி அது. கறுப்புச் சட்டையில் மண்டையோடு தரித்து வந்தவர், கற்றளத்து மண்டையோட்டின் முன் குனிந்து நின்றதைக் கண்டபோது, ஒரே எண்ணம் நானூறு ஆண்டு கடந்தும் வேறுடையில் உலாவுகிறது எனத் தோன்றிற்று. தளம் சிதையாதிருக்கக் கூரிய குதியுள்ள பாதணிகளை அங்கே அனுமதிப்பதில்லை. அவ்விதியை வாயிலிற் படித்தவுடன், இரும்பு ஆணி தைத்த பாதணியோடு வந்த இளைஞரொருவர் எவரும் கேளாமலே வெளியில் நின்றுவிட்டார். தம் தோழியை மட்டும் உள்ளே அனுப்பினார்.

அவ்வாலயத்திலேயே கரவாஜியோ 1608இல் தீட்டிய யோவான் தலைகொய்யப்படும் ஓவியம் இருக்கிறது. அவர் தம் பெயரைப் பொறித்த ஒரே ஓவியம் அது. அதுவும் தரையில் வடிந்த செங்குருதியின் வண்ணத்திலே பொறித்திருக்கிறார். கொலைப் பழியோடு உரோமை விட்டு ஓடிவந்த மனிதர் அவர். அவரையும் அத்தீவு சில காலம் விருந்தினராக ஏற்றிருந்தது.

நண்பகலில் மேற்பறக்கா என்னும் பூங்காவில் நின்றோம். கீழே கோட்டைத் தளத்திற் பீரங்கிகள் வரிசையாய் நிற்கின்றன. சரியாகப் பன்னிரண்டு மணிக்கு அவற்றுள் ஒன்று வெடித்தது. ஏழு இரவு பேரோசையிற் திளைக்கவென்று பணம் கட்டி வந்த எம் கூட்டம் முழுவதும் ஒருங்கே துள்ளிற்று. அருகிலிருந்த உள்ளூர் முதியவர் ஒருவர் செய்தித்தாளைவிட்டுத் தலைநிமிரவே இல்லை. அவருக்கு அது நாளாந்த ஓசை. எம்மவர் தம் அச்சத்தைக் கண்டு தாமே நகைத்து அவருக்குக் கை தட்ட, அவரும் கடைசியிற் சிரித்துவிட்டார்.

நாம் வீட்டாராகும் நாள்

ஓர் ஊரை எட்டு மணித்தியாலத்தில் அறிந்துவிட இயலாது. ஆயினும் அவ்வூருக்கு மதிப்புக் கொடுக்க அந்நேரம் போதும். கோயிலுட் தொப்பியைக் கழற்ற ஒரு நொடி. காட்டலாகாத கைக்குறியை மடக்க ஒரு நொடி. கல்லறைத் தளத்துக்கு வெளியே பாதணியோடு நின்றுவிட ஒரு நொடி. இவற்றைச் செய்தவர் எவர் என்று உடையைக் கொண்டு சொல்ல முடியாது. தூய வெண்ணுடை அணிந்து, ஆலயத்துள் உரத்துப் பேசிப் படம் பிடித்தோரையும் வேறு கப்பல்களிலிருந்து வந்த கூட்டங்களிற் கண்டோம்.

இவையெல்லாம் எங்கோ தொலைவிலுள்ள துறைகளின் செய்தி என்று நம் இளைஞர் எண்ணற்க. கொழும்புக்கும் திருகோணமலைக்கும் இத்தகைய உல்லாசக் கப்பல்கள் வருகின்றன. 2023 ஜூனிற் சென்னையிலிருந்து வந்த கப்பலொன்று காங்கேசன்துறையிலும் நின்று, பயணிகள் யாழ்ப்பாணத்திற் கரையுலாச் செய்தனர். வருவோர் பெருகும்போது நம் கோயில் வீதிகளுக்கும் கடற்கரைகளுக்கும் சந்தைகளுக்கும் எத்தனை பேரை ஏற்கலாம், எதனை அனுமதிக்கலாம், எதனைத் தடுக்கலாம் என்று நாம் முடிவு செய்ய வேண்டிவரும். பார்சலோனா நீர் பீய்ச்சும் கோபம் வந்த பின்னரே வாயிலை அளந்தது. நாமோ வாயிலைத் திறக்கும்போதே அளந்து வைக்கலாம்.

அந்நாளில் அலங்கோல உடையும் நீண்ட கூந்தலும் கொண்ட எவரேனும் நம்மூர்க் கோயில் வாயிலில், உள்ளே வரலாமோ என்று தயங்கி நிற்கக் கண்டால், செருப்பைக் கழற்றும் இடத்தை அவருக்குக் காட்டி, கால் கழுவ நீரும் கொடுப்போமாக.